24 ராத்தல் கட்டிங்

ஏலே பேராண்டி, மொகத்தத் தூக்கி வச்சுக்கிடாம உக்காந்து கேளு. "தாத்தா, கட்டிங் மெசின் வாங்கியாச்சு, பாளையங்கோட்டையில ஸ்டேடியம் பக்கம் கடையும் பிடிச்சாச்சு"ன்னு நீ போன்ல சொன்ன அன்னைக்கு ஒம் பாட்டி ராத்திரி சோறு திங்கல. கட்டிங்குன்னா அவளுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு முடி வெட்டுதது. இன்னொண்ணு டாஸ்மாக் வாசல்ல முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு காசு சேத்து ஒரு குவாட்டர வாங்கிப் பங்கு வைக்கது. இதுல எதுக்குலே மெசின் வேணும்னு நானும் கட்டில்ல கெடந்து யோசிச்சேன். நேர்ல வந்து பாத்த பெறவுதான் தெரியுது, இறகுப்பந்து மட்டைக்கு நரம்பு போடுததுக்கும் அதே பேரு வச்சிருக்கீங்கன்னு.

கட்டுன்னா இங்கிலீசுல குடலுன்னு நீதான சொன்ன? வெள்ளக்காரன் மிருகத்துக் குடல முறுக்கி நரம்பாக்கி மட்டையில கட்டியிருக்கான். பிரான்சு தேசத்துல லியோன் நகரத்துல பாபோலான்னு ஒரு குடும்பம் 1875-லயே டென்னிசு மட்டைக்குன்னு குடல் நரம்பு செய்ய ஆரம்பிச்சுட்டு. நம்ம நாகர்கோவில்ல 1937-ல பொறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960-லயும் 61-லயும் விம்பிள்டன் அரையிறுதி வரைக்கும் போனாருலா, அந்தக் காலத்து ஆட்டம் பூரா மர மட்டையும் குடல் நரம்பும்தான். முட்ட சேந்த கேக்கக் கூடத் தொடாத பெரிய மனுசங்க எத்தன பேரு சாயங்காலம் வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு அந்தக் குடலத் தோள்ல சாத்திக்கிட்டு கிளப்புக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சா எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது. இப்பம் இறகுப்பந்து மட்டைக்கு எல்லாம் நைலான் ஆயிப்போச்சு. 10 மீட்டர் நூலு, 0.70 மில்லி கனம். சைவம்தான், தைரியமா சாப்பாட்டு மேசையில வைக்கலாம்.

ஒன் தொழில நான் கேலி பண்ணல மக்கா. எனக்கு அது பங்காளித் தொழிலு. நாங்க மட்டையில இருந்து நார் உரிச்சோம், நீ மட்டையில நார் போடுத. பனமட்டைய ஊறப்போட்டு, நார் கிழிச்சு, ஈரம் காயுதக்குள்ள கட்டில் பின்னணும். ஈரத்துல இழுத்துக் கட்டினாத்தான் காஞ்ச பெறவு இறுகும். பின்னி முடிச்சதும் எங்க அய்யா உள்ளங்கைய விரிச்சு நடுக்கட்டில்ல ஒரு அடி அடிப்பாரு. சத்தம் 'டொம்'முனு வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. 'தொப்'புனு வந்தா என் முதுகுல அடுத்த அடி விழும். அவருகிட்ட அளவுகோல் கெடையாது, முதுகுதான் உண்டு. புதுக் கட்டில் ஒரு வாரத்துல தொய்யும், கால்மாட்டுல இழுத்துக் கட்டணும், அப்புறம் பேரன் காலம் வரைக்கும் கெடக்கும். ஒன் நைலானும் அப்படித்தான், இழுத்துக் கட்டின மொத நாளே கொஞ்சம் விட்டுக் குடுத்துரும். ஆனா ஒனக்குக் கால்மாடு கெடையாது. தொய்ஞ்சா அறுத்துப்போட்டு முதல்ல இருந்து பின்னணும், மறுபடி காசு. நாங்க ஏன் பணக்காரன் ஆகலைன்னு இப்பம் வெளங்குது.

சரி, விசயத்துக்கு வாரேன். அன்னைக்கு நீ மெசின்ல குமிழத் திருகி 24-ல நிறுத்திட்டு, "24 பவுண்டு தாத்தா, கரெக்டா இழுக்கும், மனுசக் கை மாதிரி கிடையாது"ன்ன. பவுண்டுன்னா ராத்தல்தான? எங்க அய்யா காலத்துல ராத்தலும் வீசையும் பலமும்தான். 1958-ல கிலோ வந்து அத்தனையும் மூட்ட கட்டி அனுப்பினான் கவர்மெண்டு. அனுப்பின ராத்தல் எங்க போச்சுன்னு அறுவது வருசத்துக்கு மேல எனக்குத் தெரியல. இப்பம்தான் தெரியுது, ஓங் கடையில ஒளிஞ்சிருக்கு.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: "இது 24-ன்னு ஒனக்கு யாரு சொன்னா?" நீ சொன்ன, "மெசின்ல எழுதியிருக்குலா!" ஏலே, நம்ம மேலத்தெரு பால்காரன் கேன்லயும்தான் 'சுத்தமான பசும்பால்'னு எழுதியிருக்கு.

ஒம் மெசினு கைப்பிடியச் சுத்துத மெசினு. சுத்தச் சுத்த அந்த வண்டி நூலப் பிடிச்சுக்கிட்டு பின்னால போவுது. உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு. நீ வச்ச இழுப்பு வந்ததும் அந்த ஸ்பிரிங் 'டக்'குனு பூட்டிரும். அம்புட்டுதான் அதோட புத்தி. ஸ்பிரிங்குங்கது மாப்பிள்ளை மாதிரிலே. புதுசுல விறைப்பா இருக்கும், போகப் போகத் தளரும். நீயோ அத மூடின கடை ஒண்ணுல இருந்து பழசா வாங்கியிருக்க. அதுக்கு முன்னால அது எத்தன மட்டைய இழுத்துச்சோ, எத்தன சம்மட்டி அடி வாங்குச்சோ?

இதுக்கு ஒருபடி கீழ ஒரு ஏழை மெசினு இருக்குலா, இரும்புத் தடியில கல்லு ஒண்ணு தொங்குமே, அத நீ பட்டிக்காட்டு மெசினுன்ன. எனக்கென்னவோ அதத்தான் பிடிச்சிருக்கு. அது வேற ஒண்ணுமில்ல, பழைய வெள்ளிக்கோலு. கல்ல முன்ன பின்ன நகத்தினா இழுப்பு கூடும் கொறையும். அந்தக் கல்லுக்குப் பசிக்கவும் செய்யாது, களைக்கவும் செய்யாது. பத்து வருசம் கழிச்சும் அதே கல்லுதான். ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு பாத்துக்கோ: தடி கெடைமட்டமா நிக்கணும். கொஞ்சம் சரிஞ்சு 10 டிகிரி தொங்குனா 24-ல கால் ராத்தலுக்கு மேல கழிஞ்சு போவும். 20 டிகிரி தொங்குனா ஒண்ணரை ராத்தல் அம்பேல். கெணத்துல ஏத்தம் இறைச்சவனக் கேளு, துலா எங்க நிக்கும்போது கனம் எப்படியிருக்கும்னு தோள்பட்டையே சொல்லும். கரண்டு மெசினு வச்சிருக்கவனுக்கு வேற வியாதி. அவனுது பூட்டாது, நூலு தளரத் தளர விடாம இழுத்துக்கிட்டே இருக்கும். அதுனால அவன் 24-ம் ஒன் 24-ம் ஒரே 24 இல்ல. அவனுது இறுக்கமாத்தான் வரும். ரெண்டு கடைக்கும் மாறி மாறிப் போற ஆளு ஒங்க ரெண்டு பேத்துல ஒருத்தனக் கள்ளன்னு சொல்லத்தான் செய்வான்.

அப்பம் நீ ரோசப்பட்டு அலமாரியில இருந்து ஒரு சாமானத் தூக்கிக் காட்டின. விமானத்துல போறவன் பெட்டிய எடை போடுத கொக்கித் தராசு, முந்நூறு ரூவான்ன. "இத வச்சு இழுத்துப் பாத்துரலாம் தாத்தா"ன்ன. பாக்கலாம், வாஸ்தவம். ஆனா அந்தத் தராச யாரு பாத்தா? நீ முழிச்ச முழி இருக்கே! சாட்சி சொல்ல வந்தவனுக்கே சாட்சி கேக்காரே இந்தக் கெழவன்னு.

எனக்கு இந்தக் கிறுக்கப் பிடிக்க வச்சவரு ஒரு முத்திரை ஆய்வாளரு. தராசுக்கும் படிக்கல்லுக்கும் சீல் வைக்க வாராருலா, தொழிலாளர் துறையில, அந்த ஆளு. ரிட்டயர் ஆகி எங்க ஊரு ஆத்துப் படித்துறையில என்கூடத்தான் குளிப்பாரு. தாமிரவருணியில கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு அவரு சொன்ன கதை இது. கடைக்காரன் படிக்கல்ல ரெண்டு வருசத்துக்கு ஒருக்க கொண்டாந்து காட்டணும், எலக்ட்ரானிக் தராச வருசா வருசம் காட்டணும். ஆய்வாளரு அவருகிட்ட இருக்க கல்லோட ஒத்துப் பாப்பாரு. அந்தக் கல்ல அதுக்கும் மேல உள்ள கல்லோட ஒத்துப் பாப்பான். அப்படியே ஏறிப் போனா டெல்லியில தேசிய இயற்பியல் ஆய்வகத்துல ஒரு பிளாட்டினக் கட்டி, 57-ம் நம்பரு, கண்ணாடிக் கூட்டுக்குள்ள சாமி மாதிரி உக்காந்திருக்காம். அதுக்குப் பெரியப்பன் பாரிசுக்குப் பக்கத்துல செவ்ரங்கிற ஊருல. 1889-ல இருந்து உலகத்துக்கே அதுதான் கிலோ. ஒடன்பிறந்த கட்டிகளோட ஒத்துப் பாத்தா, நூறு வருசத்துல 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துட்டாம். கூடினது யாரு கொறஞ்சது யாருன்னு பாக்கப் போனா பெரியப்பனே பஞ்சாயத்துல நிக்காரு. கடைசியில 2019 மே 20-ந்தேதி அவருக்கு ஓய்வு குடுத்துட்டு, பிளாங்க் மாறிலின்னு ஒரு கணக்க வச்சு கிலோவ நிர்ணயம் பண்ணிட்டாங்க. தொடாம, தூசி படாம, மூணு பூட்டுக்குள்ள பிளாட்டினத்த வச்சிருந்தவனே சந்தேகப்பட்டான். நீ ஸ்கூட்டர் டிக்கியில போட்டு உருட்டின முந்நூறு ரூவாத் தராச நம்புத.

அதுனாலதான் உன்ன அரிசிக்கடை அண்ணாச்சிகிட்ட அனுப்பினேன். அவரு இப்பம் பொத்தான் தராசுக்கு மாறியாச்சு, பழைய கல்லெல்லாம் சாக்குல கட்டி மூலையில கெடந்துச்சு. நீ கொண்டாந்து கொட்டினதும் நான் ஒவ்வொண்ணாக் கவுத்துப் பாத்தேன், பாத்தியா? அடியில ஒரு குழி, அதுல ஈயம், ஈயத்து மேல முத்திரை. அந்த ஈயத்த நகத்தால நோண்டி எடுத்தவன் எத்தன பேரு, அதுல அரிசி மச்சு கட்டினவன் எத்தன பேருன்னு ஆய்வாளரு சொல்லுவாரு. நம்ம அண்ணாச்சி கல்லு நோண்டாத கல்லு. இருந்தாலும் அவரோட புது முத்திரை வச்ச தராசுல ஏத்தி ஒருக்க பாத்துக்கிட்டோம். அண்ணாச்சிக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். பொண்ணு பாக்க வந்த இடத்துல பல்லப் பிடிச்சுப் பாத்தாப்புல.

ஒரு ராத்தலுக்கு 453.59 கிராமு. 24 ராத்தலுக்கு 10 கிலோ 886 கிராமு. நீ கால்குலேட்டரத் தேடுதக்குள்ள நான் கல்ல அடுக்கிட்டேன்: 10 கிலோ ஒண்ணு, 500, 200, 100, 50, அப்புறம் பித்தளையில 20, 10, 5, கடைசியா பொட்டு மாதிரி அந்த 1 கிராமு. கூட்டிப் பாரு, குண்டுமணி பெசகாது. எல்லாத்தையும் ஒரு துணிப்பையில போட்டு, பையோட எடைய முதல்லயே கழிச்சுக்கிட்டு, ஒங் கொக்கித் தராசுல தொங்கவிட்டோம். 11 கிலோ 80 கிராமுன்னு காட்டிச்சு. திரும்பத் தொங்கவிட்டோம். அதே 11.08. கல்லு இல்லாட்டி ஆத்துத் தண்ணி போதும்டே, லிட்டருக்கு ஒரு கிலோ, வெயில் காலத்துல நாலு கிராமு கொறையும், அம்புட்டுதான். ஆனா கொடத்தத் தூக்கிட்டு ஒங் கடை மாடிப்படி ஏற எனக்கு வயசில்ல.

உடனே நீ, "தராசு தப்பு, தூக்கிப் போட்டுருவோம்"ன்ன. அங்கதான் நீ சின்னப்பய. தப்பு எம்புட்டுன்னு தெரிஞ்ச தராசு நல்ல தராசுதான். எந்நாளும் பத்து நிமிசம் முந்தி ஓடுத கடியாரத்த வச்சு எங்க மாமா நாப்பது வருசம் செங்கோட்டை பாசஞ்சரப் பிடிச்சாரு, ஒரு நாளும் விட்டதில்ல. ஒரு நாளு முந்தியும் ஒரு நாளு பிந்தியும் ஓடுததத்தான் ஆத்துல விட்டெறியணும்.

அதுக்கு அப்புறம் மெசினு. மட்டை வைக்கிற மேடைய அசையாமப் பூட்டி, அதோட கால்ல கொக்கித் தராசக் கட்டி, மறுமுனையில நைலான் துண்டு ஒண்ணப் போட்டு வண்டியோட வாயில குடுத்தோம். நீ இரும்புக் கம்பியக் கொண்டாந்த, வேண்டாம்னேன். கம்பி ஈயாது. நீ தெனமும் இழுக்குறது எதயோ அதத்தான் சோதனைக்கும் இழுக்கணும். பலாப்பழத்த நிறுக்க எலுமிச்சம்பழத்த வச்சுப் பழகுவானா? சுத்தினோம், 'டக்'குனு பூட்டிச்சு, பூட்டின அந்த நிமிசத்துல தராசு காட்டினது 10 கிலோ 160. கண்ண மூடித் தெறக்கக்குள்ள எண்ணு இறங்க ஆரம்பிச்சுட்டு. நீ பதறின. அது மெசினு குத்தமில்ல, பூட்டின பெறவு நைலான் சோம்பல் முறிக்கிது. மொத எண்ணத்தான் எடுத்துக்கிடணும். அஞ்சு தடவ இழுத்தோம்: 160, 140, 180, 160, 150. எனக்கு ரொம்ப சந்தோசம். பொய் சொன்னாலும் ஒரே பொய்யச் சொல்லுது, திருத்திரலாம்.

தராசு காட்டின 10.16-ல இருந்து அதோட பொய்யக் கழிச்சா நெசம் 10 கிலோவுக்குக் கொஞ்சம் கொறச்சல். அதாவது 22 ராத்தலு. மூணு மாசமா 24-ன்னு எழுதி நீ வாங்கின காசெல்லாம் 22-க்கு. நீ தராச மட்டும் நம்பியிருந்தா அத 22.4-ன்னு நெனச்சு, அதுக்குத் தக்க திருப்பி, அப்பவும் தப்பாத்தான் நின்னுருப்ப.

அப்புறம் அந்த ஆறுமூலைச் சாவியப் போட்டு ஸ்பிரிங் பக்கத்து ஆணியக் கால் திருப்பு திருப்பி இழுக்க, இன்னொரு கால் திருப்பு திருப்பி இழுக்க, தராசு 11.08 காட்டுத வரைக்கும். 10.886 காட்டுத வரைக்கும் இல்ல, 11.08! இத ஒனக்கு வெளங்க வைக்க ரெண்டு டீ செலவு. அப்புறம் 20-லயும் 28-லயும் வச்சு ஒருக்க பாத்தோம். நடுவுல சரியா இருந்து ரெண்டு கோடியிலயும் கோணுத ஸ்பிரிங்கும் உண்டு, மனுசரும் உண்டு.

இவ்வளவும் செஞ்சிட்டு நீ நெஞ்ச நிமித்தி, "இனி மட்டை 24 தாத்தா"ன்ன பாரு, அங்க ஒனக்கு இன்னொரு குட்டு. மெசினு 24 இழுக்கும். மட்டையில 24 நிக்காது. குறுக்கு நூலு நெடுக்கு நூலுக்கு மேலயும் கீழயும் நொழஞ்சு போகும்போது ஒண்ணோட ஒண்ணு ஒரசி இழுப்பக் கொஞ்சம் தின்னுரும். அதுக்குத்தான் நெடுக்கவிடக் குறுக்குல ஒண்ணு ரெண்டு ராத்தல் கூட்டிப் போடுதது. நூலப் பிடிக்கிற கவ்வி வழுக்கினா அதுல கொஞ்சம், முடிச்சுப் போடையில விட்டுக்குடுக்கதுல கொஞ்சம். பத்தமடையில பாய் நெய்யுதவங்களப் போயிப் பாரு, பாவு நூல எப்படி இழுத்துக் கட்டினாலும் கோரை ஒவ்வொண்ணா நொழைய நொழைய விரலால தட்டிக்கிட்டே இருப்பாங்க.

போதாக்கொறைக்கு நம்மூரு வெயிலு. சுடலைமாடன் கோயில் கொடையில கணியான் கூத்துக்காரன் மகுடத்தத் தீயில காட்டி வாட்டுவான் பாத்திருக்கியா? தோலு சூட்டுல இறுகும், சத்தம் ஏறும். ஒன் நைலானுக்குக் கொணம் நேர் எதிரு, சூட்டுல இளகும். அக்கினி நட்சத்திரத்துல மட்டையக் காருக்குள்ள போட்டுப் பூட்டிட்டு, சாயங்காலம் வந்து "என்னடே கட்டு தொளதொளங்கு"ன்னு ஒருத்தன் ஒஞ் சட்டையப் பிடிப்பான். தட்டிக் காட்டி 'சத்தம் கொறஞ்சுட்டு'ம்பான். நம்பாத. இழுப்பு பத்துல ஒரு பங்கு போனாலும் சுருதி இருபதுல ஒரு பங்குதான் இறங்கும், அரைச் சுரம் கூட முழுசா வராது. காருகுறிச்சி அருணாசலம் நாயனத்தக் கேட்டு வளந்த காதுன்னா கண்டுபிடிக்கும். ஹெட்போன் மாட்டின காதுக்கு வாய்ப்பில்ல.

அந்தக் காலேஜ் பயலுவ விசயம் சொல்ல மறந்துட்டேன். மீசை முளைக்கல, "அண்ணே 30 போடுங்க"ங்கான். டிவியில ஆடுதவன் 30 போடுதானாம். அவன் மணிக்கட்டு எங்க, இவன் மணிக்கட்டு எங்க? கட்டு இறுக இறுகப் பந்து தானாப் போவாது, நாமதான் அனுப்பணும். நடுவுல சரியா படணும், இல்லாட்டி கைதான் வலிக்கும். தொய்வாக் கட்டினா கட்டே தூக்கி எறியும். மட்டையோட தண்டுல இம்புட்டுத்தான் தாங்கும்னு சின்ன எழுத்துல போட்டிருக்கான், அத அவன்கிட்டயே வாசிக்கச் சொல்லு. வாசிச்ச பெறவும் 30-ன்னு நின்னான்னா, மட்டை முறிஞ்சா ஒங்க அப்பா பொறுப்புன்னு எழுதி வாங்கிக்கோ. அப்பான்னதும் 24-க்கு வந்துருவான்.

இப்பம் நேத்து நடந்ததுக்கு வாரேன், அதுக்குத்தான நீ மொகத்தத் தூக்கி வச்சிருக்க. காலையில வெள்ளன ஆட வார பேங்க் அண்ணாச்சி, மூணு மாசமா ஒங்கிட்ட 24 போட்டு ஊரெல்லாம் ஒம் புகழ் பாடினவரு, நேத்து மட்டையக் கொண்டாந்து மேசையில போட்டு, "என்ன தம்பி, கை பழகிட்டுன்னு அலட்சியமா? கல்லு மாதிரி இருக்கு, தோளு கழண்டு போச்சு. பழைய 24 போடுங்க"ன்னாரு. நீ மெசினத் திருத்துன கதையச் சொன்ன. அவரு நம்பல. "முதல்ல போட்டதுதான்யா கரெக்டு, இப்பம்தான் கெடுத்து வச்சிருக்க"ன்னுட்டாரு. நீ என்னயப் பாத்த. 22-ல இழுத்து நோட்டுல 24-ன்னு எழுதிரலாமான்னு ஒங் கண்ணு கேட்டுச்சு. எனக்குக் கேக்காம இல்ல.

நான் ஒண்ணும் சொல்லல, பையத்தான் எடுத்துக் குடுத்தேன். நீ நல்ல பிள்ளையா கல்ல ஒண்ணொண்ணா அவரு கையிலயே குடுத்து அடுக்கச் சொன்ன. பேங்க் மனுசருலா, கூட்டல்ல சுணக்கம் கெடையாது. 10 கிலோ, 500, 200, 100, 50, 20, 10, 5 வரைக்கும் அடுக்கிட்டு, "10,885 வருது தம்பி. ஒரு கிராமு இடிக்குதே?"ன்னாரு.

பையக் கவுத்தோம். மேசைக்கடியில தேடினோம். மெசினு மேடைக்கடியில வெட்டிப்போட்ட நைலான் துண்டு மூணு மாசத்துக் குப்பை, அதுக்குள்ள கைய விட்டுத் துழாவினோம். அண்ணாச்சியும் கண்ணாடியக் கழத்திட்டு மண்டி போட்டாரு. அந்த நேரம் பாத்து அரிசிக்கடை அண்ணாச்சி வாசல்ல வந்து நின்னு, "எங் கல்லெல்லாம் பத்திரமா இருக்காடே?"ன்னாரு.